உப்புத் தண்ணீர் ஊரில் ஹாட் டப்: முதல்முறை வாங்கியவர்களுக்கான நீர்ப் பராமரிப்பு வழிகாட்டி

பண்ணை வீட்டிலோ மொட்டை மாடியிலோ ஹாட் டப் ஒன்றை இறக்கிவிட்டு, அதோடு வந்த கையேட்டைப் புரட்டும் மதுரைக்காரர் ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கையேடு நம் ஊர்த் தண்ணீரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல என்பதைத்தான். குழாயைத் திறந்தால் மென்னீர் வரும் ஊர்களுக்கு அதன் அளவுகள் அப்படியே பொருந்தும். கடினப் பாறைக்குள் பல நூறு அடி இறக்கிய போரிலிருந்து வரும் நம் உப்புத் தண்ணீருக்கு அவை பொருந்துவதில்லை. கெய்சர் காயிலில் வெள்ளையாக உப்புப் பிடிப்பதையும், குளியலறைக் குழாய்களின் வாயில் திட்டுத் திட்டாகப் படிவதையும் பார்த்துப் பழகிய நாம், அதே தண்ணீரை 38 டிகிரியில் வாரக்கணக்கில் சுழலவிட்டால் என்ன ஆகும் என்பதை எளிதாக ஊகித்துக்கொள்ளலாம்.

ஹாட் டப் பராமரிப்பில் பார்க்க வேண்டியவை பல இருந்தாலும் இரண்டு சரியாக இருந்தால் மற்றவை பெரும்பாலும் அடங்கிவிடும் என்பது என் உறுதியான கருத்து. முதலாவது, எந்தத் தண்ணீரை நிரப்புகிறோம் என்பது. இரண்டாவது, அந்தத் தண்ணீரில் குளோரின் ஒரு நாள்கூடத் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. கீழே வரும் கணக்குகள் எல்லாம் 1,200 லிட்டர் கொள்ளும் நடுத்தரத் தொட்டியை வைத்துப் போடப்பட்டவை. உங்கள் தொட்டியின் கொள்ளளவுக்கு ஏற்ப அவற்றைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

தொட்டி நீர் ஏன் இவ்வளவு வேகமாகக் கெடுகிறது

நான்கு பேர் 60,000 லிட்டர் நீச்சல் குளத்தில் இறங்கினால் ஒருவருக்கு 15,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதே நான்கு பேர் 1,200 லிட்டர் ஹாட் டப்பில் உட்கார்ந்தால் ஆளுக்கு 300 லிட்டர்தான். வெந்நீரில் உடல் வியர்க்கிறது. தோலின் எண்ணெய்ப் பசை கரைகிறது. அந்த அழுக்கோடு வினைபுரிந்து குளோரின் செலவாகிறது. போதாததற்கு நீரைப் பீய்ச்சும் ஜெட்டுகள் காற்றைக் கலந்து அடிப்பதால் குளோரினின் ஒரு பகுதி காற்றோடும் போய்விடுகிறது. காலையில் சரியாக இருந்த அளவு, மாலையில் நான்கு பேர் குளித்து எழுந்த பின் பூஜ்யமாக இருப்பது வியப்புக்குரியதல்ல.

குளோரின் தீர்ந்த வெதுவெதுப்பான நீர் கிருமிகளுக்கு நல்ல விளைநிலம். சூடோமோனஸ் என்னும் பாக்டீரியா, குளித்த ஓரிரு நாளில் நீச்சலுடை படிந்திருந்த இடங்களில் அரிக்கும் சிவப்புக் கொப்புளங்களை உண்டாக்கும். அதைவிட அஞ்ச வேண்டியது லெஜியோனெல்லா. நுரையீரலைத் தாக்கும் இந்தக் கிருமி, ஜெட் அடிக்கும்போது எழும் நுண்திவலைகளை மூச்சில் இழுப்பதன் வழியே பரவுகிறது. 1999-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், பார்வைக்காக ஓடவிட்டிருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து இந்த நோய் பரவியதில் குறைந்தது 32 பேர் உயிரிழந்தார்கள். தண்ணீரில் இறங்கியவர்களுக்கு மட்டுமன்றி, அருகில் நடந்து போனவர்களுக்கும் ஆபத்து உண்டு என்பதற்கு அது சான்று. வீட்டில் முதியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள் இருந்தால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

முதல் படி: தண்ணீரை நிரப்பும் முன்பே பரிசோதித்தல்

நிரப்பப் போகும் தண்ணீரின் மாதிரி ஒன்றை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் நீர்ப் பரிசோதனை ஆய்வகங்கள் உள்ளன. தனியார் ஆய்வகங்களும் இதைச் செய்து தருகின்றன. அறிக்கையில் நாம் பார்க்க வேண்டியவை நான்கு: பிஎச், மொத்தக் காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறன்), கால்சியம், இரும்பு. சில அறிக்கைகளில் கால்சியம் தனிமமாகத் தரப்பட்டிருக்கும். அப்படியானால் அந்த எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் நமக்கு வேண்டிய கால்சியம் கடினத்தன்மை கிடைக்கும்.

ஆர்.ஓ. சர்வீஸுக்கு வருபவர் நீட்டும் டிடிஎஸ் பேனாவை நம்பி இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மட்டுமே அது சொல்லும். அதில் சமையல் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. குடிப்பதற்கு அனுமதிக்கப்படும் அந்த 600, ஹீட்டருக்கு ஆகாது. ஹாட் டப்பில் கால்சியம் கடினத்தன்மை 150 முதல் 250 வரையும், காரத்தன்மை 80 முதல் 120 வரையும், பிஎச் 7.2 முதல் 7.8 வரையும் இருக்க வேண்டும். கடினத்தன்மை 150-க்கு மிகவும் கீழே போனாலும் நல்லதல்ல. நுரை எளிதில் கட்டும், நீர் உலோகப் பாகங்களை அரிக்கவும் தொடங்கும்.

இரண்டாம் படி: தண்ணீரைக் கலந்து தயாரித்தல்

இந்த வழிகாட்டியில் நான் அதிகம் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான். கால்சியத்தை நீரிலிருந்து எடுத்துவிடும் பொடியென்று எதுவும் கடையில் இல்லை. உப்புப் படியாமல் தடுக்கும் திரவங்கள் படிவதைத் தள்ளிப்போடுமே தவிர, கால்சியத்தை வெளியேற்றுவதில்லை. ஆகவே கடின நீரை மென்னீரோடு கலப்பதே வழி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். போர் தண்ணீரின் கால்சியம் கடினத்தன்மை 600, காரத்தன்மை 400 என்று வைத்துக்கொள்வோம். ஆர்.ஓ. தண்ணீரில் கடினத்தன்மை 50, காரத்தன்மை 30. தொட்டியில் 200 கடினத்தன்மை வேண்டுமென்றால், ஏறக்குறைய 330 லிட்டர் போர் தண்ணீரும் 870 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரும் சேர்க்க வேண்டும். இந்தக் கலவையில் காரத்தன்மை சுமார் 130 இருக்கும். கொஞ்சம் இறக்கினால் போதும். கால்சியத்தையும் காரத்தன்மையையும் போர் தண்ணீரே தந்துவிடுவதால் அவற்றுக்காகத் தனியே எதையும் வாங்க வேண்டியதில்லை.

அந்த 870 லிட்டரை எங்கிருந்து எடுப்பது என்பது அடுத்த கேள்வி. சமையலறைச் சுவரில் மாட்டிய ஆர்.ஓ. கருவியைக் கொண்டு நிரப்ப நினைக்காதீர்கள். நேரமும் ஆகும், வெளியேற்றும் கழிவு நீரும் மிகுதி. தெருவில் குடம் கணக்கில் விற்கும் வண்டிக்காரர்களில் பலர், சொல்லி வைத்தால் மொத்தமாகவும் கொண்டுவந்து இறக்குவார்கள். என் விருப்பம் மழைநீர். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பெரும்பாலான வீடுகளில் அதற்கான குழாய் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் மழையை மாடியைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழையை மூடிய தொட்டியில் வடிகட்டிச் சேமித்தால், ஆண்டின் இரண்டு மூன்று நிரப்புதல்களுக்கு அது உதவும். வைகைத் தண்ணீரான மாநகராட்சிக் குழாய் நீர் போர் தண்ணீரைவிட மென்மையானதுதான். ஆனாலும் கோடையில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊரில், குடிநீரை இதற்குத் திருப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உப்பு போட்டு இயங்கும் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அது கால்சியத்தை எடுத்துவிட்டு அதனிடத்தில் சோடியத்தை வைக்கிறது. காரத்தன்மை அப்படியே இருக்கும். ஆகவே சாஃப்ட்னர் தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீர் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

மூன்றாம் படி: புதுத் தொட்டியானாலும் குழாய்களைக் கழுவுதல்

தயாரிப்பாளர்கள் பலர் தொட்டியை நீர் நிரப்பிச் சோதித்த பிறகே அனுப்புகிறார்கள். வடித்த பின்னும் உள்குழாய்களில் சிறிது நீர் தங்கிவிடும். கிடங்கிலும் கன்டெய்னரிலும் மாதக்கணக்கில் கிடந்த அந்த நீரில் கிருமிகள் குழாயின் உட்சுவரில் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். இந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமிகளைக் குளோரின் எளிதில் எட்டாது. எனவே முதலில் சாதாரண போர் தண்ணீரை நிரப்பி, குழாய் கழுவும் திரவத்தைப் புட்டியில் சொல்லியபடி ஊற்றி, எல்லா ஜெட்டுகளையும் திறந்து ஓடவிடுங்கள். பழுப்பாகவோ பச்சையாகவோ கசடு மிதந்து வந்தால் திகைக்க வேண்டாம். வெளியே வர வேண்டியதுதான் வருகிறது. பிறகு முழுவதும் வடித்து, தொட்டியின் உட்பரப்பைத் துணியால் துடைத்துவிட்டு, தயாரித்து வைத்த கலவை நீரை நிரப்புங்கள்.

நிரப்பும்போது குழாயின் நுனியை ஃபில்டர் இருக்கும் குழிக்குள் விட்டு நிரப்ப வேண்டும். அப்போது பம்புக்குச் செல்லும் குழாய்களில் காற்று அடைத்துக்கொள்ளாது. குறியிட்ட மட்டத்துக்கு நீர் வரும்வரை மின்சாரத்தைப் போடாதீர்கள். நீரோட்டம் இல்லாமல் ஹீட்டர் சூடேறினால் எரிந்துபோகும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மின் இணைப்பில் இருப்பதை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: காரத்தன்மை, பிஎச் இரண்டையும் வசப்படுத்துதல்

எதை முதலில் சரிசெய்வது என்பதில் பலர் குழம்புகிறார்கள். காரத்தன்மையே முதலில், பிஎச் அதன் பின்னால் வரும். காரத்தன்மை மிகுந்த நீரில் கரியமில வாயு அதிகமாகக் கரைந்திருக்கிறது. ஜெட் அடிக்கும்போது அது வெளியேறுவதால் பிஎச் தானாக ஏறுகிறது. ஏறிய பிஎச்சில், சூடான ஹீட்டர் குழாயின் மேல் கால்சியம் உப்பாகப் படிகிறது. ஒவ்வொரு நாளும் பிஎச்சைக் குறைத்துக் குறைத்து அலுத்துப்போகிறவர்கள், காரத்தன்மையை ஒருமுறை ஒழுங்காக இறக்கியிருந்தால் அந்த அலுப்பு இருந்திருக்காது.

மேலே சொன்ன கலவை நீரில் காரத்தன்மையை 130-லிருந்து 80-க்கு இறக்குவதை எடுத்துக்கொள்வோம். இதற்குச் சோடியம் பைசல்ஃபேட் பயன்படுகிறது. நீச்சல் குளப் பொருள்கள் விற்கும் கடைகளில் பிஎச் குறைப்பான் என்ற பெயரில் பொடியாகக் கிடைக்கும். 10 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) இறக்க சுமார் 29 கிராம் வீதம் மொத்தம் 144 கிராம் தேவை. அதை ஒரே தவணையில் கொட்டினால் பிஎச் அளவுக்கு மீறி விழுந்துவிடும். மாலை 5 மணிக்குத் தொட்டியின் மூடியைத் திறந்து, 35 கிராம் பொடியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பம்பு ஓடும் நிலையில் சுற்றிலும் ஊற்றுங்கள். 20 நிமிடம் கழித்து அளந்தால் பிஎச் 7.2 அளவில் இருக்கும். இப்போது ஜெட்டுகளின் முனையை மேல்நோக்கித் திருப்பி, காற்று வால்வுகளை முழுவதும் திறந்து, நீர் பொங்கிச் சலசலக்கும்படி ஒரு மணி நேரம் விடுங்கள். மீண்டும் அளந்தால் பிஎச் 7.7, 7.8 என்று ஏறியிருக்கும். ஆனால் காரத்தன்மை 12 பிபிஎம் குறைந்தபடியே நிற்கும். இதையே நான்கு முறை செய்தால் வேலை முடிந்தது. ஒரே மாலையில் முடிக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு மூன்று நாள்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பொடிக்குப் பதிலாகக் குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அதன் அடர்த்தி புட்டிக்குப் புட்டி மாறும், அதில் இரும்பு போன்ற கலப்புகள் இருக்கும், அதன் ஆவி மூச்சைப் பிடிக்கும்.

மழைநீர் மிகுதியாகச் சேர்த்து காரத்தன்மை 80-க்குக் கீழே போய்விட்டால், சமையல் சோடா போதும். 1,200 லிட்டருக்கு 20 கிராம் சோடா 10 பிபிஎம் உயர்த்தும். வாசனையோ வேறு கலப்போ இல்லாத தூய பொட்டலமாகப் பார்த்து வாங்குங்கள். சலவைச் சோடா வேறு பொருள். அது பிஎச்சைத் தூக்கிவிடும்.

ஐந்தாம் படி: குளோரின்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ஹாட் டப் நீரில் தனிக் குளோரின், அதாவது அழுக்கோடு சேராமல் செயல்படத் தயாராக இருக்கும் குளோரின், குறைந்தது 3 பிபிஎம் இருக்க வேண்டும் என்கிறது. குளிக்க இறங்கும் நேரத்தில் 3 முதல் 5 பிபிஎம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. பிஎச் 7.5-இல் இருக்கும்போது குளோரினில் ஏறக்குறையப் பாதி வீரியமுள்ள வடிவில் இருக்கிறது. பிஎச் 8-ஐ எட்டினால் அது நான்கில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடுகிறது. காரத்தன்மையை முதலில் சரிசெய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைகளில் நான்கு வடிவங்களில் குளோரின் கிடைக்கிறது. கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் நம் எல்லோருக்கும் பழக்கமானது. ஆனால் அது கால்சியத்தைக் கூட்டும், சுண்ணாம்புக் கசடு விடும். கடின நீரோடு போராடும் நமக்கு அது ஆகவே ஆகாது. நீச்சல் குளங்களில் மிதக்கவிடும் பெரிய வெள்ளை மாத்திரை ட்ரைகுளோர். அமிலத்தன்மை மிகுந்த அது மெதுவாகக் கரைந்து, தொட்டியின் அக்ரிலிக் ஓட்டில் பட்ட இடத்தை வெளுக்கச் செய்யும். மீதமிருப்பவை டைகுளோர் என்னும் பொடியும், சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் திரவமும். இவ்விரண்டே நமக்கு உதவும்.

டைகுளோர் விரைவாகக் கரையும், எடுத்துக் கையாளவும் எளிது. 56 சதவீதப் பொடியில் 11 கிராம், 1,200 லிட்டரில் 5 பிபிஎம் குளோரின் தரும். ஆனால் கூடவே சயனூரிக் அமிலத்தையும் 4 முதல் 5 பிபிஎம் வரை சேர்த்துவிடும். குளோரின் செலவாகிவிடும், இந்த அமிலம் செலவாகாமல் நீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். சேரச் சேர, குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு அதன் வேகத்தைக் குறைக்கும். சோதனையில் 3 பிபிஎம் என்று காட்டினாலும் கிருமிகள் சாவது மெதுவாகும். ஹாட் டப்பில் சயனூரிக் அமிலம் கலந்த குளோரின் வேண்டாம் என்று சிடிசி அறிவுறுத்துவது இதனால்தான்.

ஆகவே அன்றாடப் பயன்பாட்டுக்குத் திரவ ஹைப்போகுளோரைட்டையே வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதத் திரவம் 60 மில்லி ஊற்றினால் 5 பிபிஎம் ஏறும். வாசனையும் கெட்டித்தன்மையும் சேர்த்த வீட்டுச் சலவை வகைகளை வாங்கக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் இந்தத் திரவம் வேகமாக வீரியம் இழக்கிறது. சித்திரை மாதத்தில் மொட்டை மாடி அறையில் வைத்த கேன், சில வாரங்களில் கணிசமாக நீர்த்துப்போகும். ஆகையால் ஐந்து லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் வாங்காமல், வீட்டின் குளிர்ந்த, இருண்ட மூலையில் வையுங்கள். ஊற்றிய அரை மணி நேரத்தில் அளந்து பாருங்கள். எதிர்பார்த்த எண்ணில் பாதிதான் வருகிறது என்றால் கேன் பழசாகிவிட்டது. டைகுளோர் பொடியைத் திரவம் கிடைக்காத நாளுக்குக் கைவசம் வைத்துக்கொள்ளலாம். ஒரு நிரப்புதலுக்குள் மொத்தம் 75 கிராமைத் தாண்டாதபடி, பயன்படுத்திய அளவைச் சுவரில் மாட்டிய தாளில் குறித்து வாருங்கள். அது ஏறக்குறைய 30 பிபிஎம் சயனூரிக் அமிலத்துக்குச் சமம்.

கையாளும் முறையில் சமரசம் கூடாது. குளோரினையும் அமிலத்தையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியால், ஒரே அலமாரியில் சந்திக்கவிடக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். பிளீச்சிங் பவுடரும் டைகுளோரும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். விளக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வைக்கும் இடத்துக்கு அருகில் எந்தக் குளோரின் பொடியையும் வைக்க வேண்டாம். எப்போதும் பொருளைத்தான் தண்ணீரில் சேர்க்க வேண்டும். பொருளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. சேர்த்த பின் 20 நிமிடமாவது மூடியைத் திறந்தே வையுங்கள். உடனே மூடினால் ஆவி மூடியின் அடிப்புறத்தையும் தலையணைகளையும் அரித்துவிடும்.

ஆறாம் படி: அளந்து பார்ப்பது

நீச்சல் குளக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது மஞ்சள் சொட்டும் சிவப்புச் சொட்டும் கொண்ட சிறு பெட்டி. சிவப்பு பிஎச்சைக் காட்டும். மஞ்சள் காட்டுவது மொத்தக் குளோரினை மட்டுமே; அழுக்கோடு சேர்ந்து செயலிழந்த குளோரினும் அந்த மஞ்சளில் அடங்கும். நமக்கு வேண்டியது தனிக் குளோரின் என்பதால், இளஞ்சிவப்பு நிறம் தரும் டிபிடி வகைப் பெட்டியை வாங்குங்கள். மொத்தக் குளோரினிலிருந்து தனிக் குளோரினைக் கழித்து வருவது 0.5-ஐத் தாண்டினால் நீர் அழுக்கைச் சுமக்கிறது என்று பொருள். மூக்கைத் துளைக்கும் "குளோரின் வாடை" வருவதும் அப்போதுதான். நல்ல குளோரின் போதவில்லை என்பதற்கு அது அடையாளம். ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடியின் இளஞ்சிவப்பு ஒரு கணம் தோன்றி மறைந்து, நீர் நிறமற்றுத் தெரியும். பூஜ்யம் என்று நினைத்து மேலும் ஊற்றிவிடாதீர்கள்; மாதிரியை நல்ல தண்ணீரால் பாதிக்குப் பாதி நீர்க்கச் செய்து மீண்டும் பாருங்கள்.

சோதனைத் தாள்களை வாங்கினால் குப்பியை இறுக மூடி, ஈரக்கை படாமல் பயன்படுத்துங்கள். முழங்கை ஆழத்திலிருந்து மாதிரி எடுப்பது சரியான முறை. குளோரினையும் பிஎச்சையும் குளிக்கும் ஒவ்வொரு முறையும், குளிக்காத நாள்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறையும் பாருங்கள். காரத்தன்மை வாரம் ஒருமுறை, கால்சியம் மாதம் ஒருமுறை போதும்.

குளிப்பதற்கு முன்னும் பின்னும்

தொட்டி நீரைக் காப்பாற்றும் மிக மலிவான வழி, இறங்கும் முன் உடலைக் கழுவுவது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அரைகுறையாகச் சீயக்காய் போட்டு அலசிவிட்டு நேரே தொட்டிக்குள் இறங்குபவர் ஒருவரே வார இறுதி முழுவதற்குமான குளோரினைத் தீர்த்துவிடுவார். தலைக்குத் தேங்காயெண்ணெய், முகத்துக்கு மஞ்சள், சந்தனம், நெற்றியில் திருநீறு, கூந்தலில் மல்லிகை ஆகிய எதுவும் தொட்டிக்குள் வர வேண்டாம். அதைப் போலவே சோப்புத்தூளில் துவைத்த பருத்தி உடையோடு இறங்கும் பழக்கமும் நுரைக்குப் பெரிய காரணம். துணி எவ்வளவு அலசினாலும் சோப்பை விடாது. ஹாட் டப்புக்கென்று தனி நீச்சலுடை வைத்து, அதைச் சோப்பில்லாமல் வெறும் நீரில் அலசச் சொல்லுங்கள். வயதில் மூத்தவர்களிடம் இதைச் சொல்லத் தயங்கித் தயங்கியே பலரது தொட்டிகள் நுரைத்துப் பொங்குகின்றன. மரியாதையோடு, குளியலறையைக் காட்டி, முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

குளித்து முடித்தவுடன் குளோரின் சேர்க்க வேண்டும். மறுநாள் காலை வரை தள்ளிப்போடக் கூடாது. இரண்டு பேர் 20 நிமிடம் உட்கார்ந்தால் 60 மில்லி திரவம் தோராயமான தொடக்க அளவு. மறுநாள் காலையில் 3 பிபிஎம் எஞ்சியிருந்தால் அந்த அளவு போதுமானது, இல்லையென்றால் கூட்டுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வந்த உறவினர்கள் அடுத்தடுத்து இறங்கும் நாளில், இடையிடையே அளந்து சேர்ப்பதோடு இரவில் 10 பிபிஎம் வரும்படி 120 மில்லி ஊற்றி, அது 5-க்குக் கீழே இறங்கும்வரை யாரையும் இறங்கவிடாதீர்கள். சாதாரண நாள்களிலும் வாரம் ஒருமுறை இப்படிச் செய்வது நல்லது. நீரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டவே கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இறங்கக் கூடாது. கருவுற்றவர்களும் இதயநோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஃபில்டர்

வாரம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக விரித்து, மேலிருந்து கீழாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். மடிப்பின் அடியில் விரலை ஓட்டினால் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒட்டும். அது எண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசுக்கு, வெறும் தண்ணீருக்குப் போகாது. மாதம் ஒருமுறை ஃபில்டர் கழுவும் திரவத்தில் இரவு முழுக்க ஊறவிட்டு, நன்றாக அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். இரண்டு ஃபில்டர் வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது வசதி. பாத்திரம் துலக்கும் சோப்பும், கார் கழுவும் அழுத்தக் குழாயும் இதற்கு ஆகாது. ஓராண்டில் புதிது மாற்றுங்கள்.

கோடையும் மின்தடையும்

கத்திரி வெயிலில் நிழலில்லாத மாடித் தொட்டி, ஹீட்டரை நிறுத்தினாலும் 36, 37 டிகிரிக்கு ஏறிவிடும். வெளி வெப்பத்தோடு பம்பின் சூடும் உள்ளே அடைபடுவதே காரணம். பம்பு ஓடும் நேரத்தை நண்பகலிலிருந்து அதிகாலைக்கு மாற்றுங்கள், மாலை வெயில் சாய்ந்த பின் மூடியைச் சிறிது திறந்து வையுங்கள், மேலே கூரையோ நிழல்வலையோ போடுங்கள். ஆறிய நீர்தானே என்று குளோரினைக் குறைத்துவிடக் கூடாது. லெஜியோனெல்லா 25 முதல் 45 டிகிரி வரை நன்றாக வளரும்.

கோடையில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. அந்தக் குறையைப் போர் தண்ணீரால் நிரப்பினால், ஒவ்வொரு முறையும் மேலும் கால்சியத்தைச் சேர்க்கிறீர்கள். ஈடு செய்யும் நீர் எப்போதும் ஆர்.ஓ. அல்லது மழைநீராகவே இருக்கட்டும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை முதல் மாலை வரை பம்பு ஓடாது. முந்தின இரவே குளோரினை 5 பிபிஎம் ஆக்கி வைத்து, மின்சாரம் வந்ததும் அளந்து பார்த்த பிறகே குளிக்க வேண்டும்.

நீர் மாறுபட்டால்

கலங்கினால் முதலில் குளோரினையும், அடுத்து ஃபில்டரையும் பாருங்கள்; இரண்டும் சரியென்றால் பிஎச் ஏறிக் கால்சியம் பிரிகிறது. முதன்முதலில் குளோரின் போட்டதும் நீர் தேநீர் நிறமாக மாறினால் அது போர் தண்ணீரின் இரும்பு. உலோகங்களைக் கட்டும் திரவத்தைச் சேர்த்து, ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டும். நுரையைப் போக்கும் மருந்து ஒரு மாலைக்கு உதவும். சோப்பு உள்ளேயே இருப்பதால் மறுநாள் நுரை திரும்பும். ஓட்டில் வெள்ளைப் படிவு தெரிந்தால் நீர்த்த வினிகரில் மென்துணியை நனைத்துத் துடையுங்கள்.

நீரை மாற்றுதல்

எவ்வளவு கவனித்தாலும் கரைந்த கசடு சேர்ந்துகொண்டே போகும். தொட்டியின் லிட்டர் அளவை 11-ஆல் வகுத்து, வரும் எண்ணை நாளொன்றுக்குக் குளிப்போர் எண்ணிக்கையால் வகுத்தால், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது தெரியும். 1,200 லிட்டர் தொட்டியில் தினமும் இருவர் என்றால் ஏறக்குறைய 55 நாள். பயன்பாடு குறைவாக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

வடிப்பதற்கு முந்தின இரவு குழாய் கழுவும் திரவத்தை ஊற்றி ஓடவிட்டால், அந்த நீரைச் செடிகளுக்கு விட முடியாது. அதைக் கழிவுநீர்க் குழாயில்தான் விட வேண்டும். ஆகவே நம் ஊருக்கு நான் சொல்லும் முறை வேறு. குளோரின் சேர்ப்பதை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, சோதனையில் குளோரின் பூஜ்யத்தைத் தொட்டதும் முக்கால்வாசி நீரை எடுத்துப் பயன்படுத்திவிடுங்கள். குளோரின் இல்லாத அந்த இடைவெளியில் யாரும் இறங்கக் கூடாது, ஜெட்டையும் ஓடவிடக் கூடாது. பிறகு போர் தண்ணீரால் மீண்டும் நிரப்பி, திரவத்தை ஊற்றிக் குழாய்களைக் கழுவி, அந்த நீரைக் கழிவில் விடுங்கள். முதலில் எடுத்த நீரில் உப்பு ஓரளவு ஏறியிருக்கும் என்பதால் மல்லிகைப் பாத்திக்கும் கீரைக்கும் விட வேண்டாம். தென்னை அதைத் தாங்கும். ஒரே மரத்தடியில் கொட்டாமல் நான்கைந்து மரங்களுக்குப் பிரித்து விடுங்கள். தென்னை இல்லாத மாடி வீட்டில் வாசல் கழுவவும், வண்டி கழுவவும், கழிப்பறைக்கு ஊற்றவும் பயன்படும். வடிக்கத் தொடங்கும் முன் தொட்டிக்கான எம்.சி.பி.-யை அணைத்துவிட்டு, புதிய கலவை நீர் குறியிட்ட மட்டத்தைத் தொட்ட பிறகே மீண்டும் போடுங்கள்.